யார் தலைவர்? என்ன கணக்கு?

ஒரு கட்சி யாரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறது என்பது அந்தக் கட்சியின் வீட்டு விவகாரம் என்று சிலர் சொல்கிறார்கள். அதிலே மில் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் என்ன வேலை என்று கேட்கிறார்கள். நீ உன் தறியைப் பார், நீ உன் மண்வெட்டியைப் பார் என்பது இவர்களுடைய உபதேசம்.

இந்த உபதேசத்தைத் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியிடம் போய்ச் சொல்லட்டும்! 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்க சர்க்கார் மொத்தம் 50 சதவிகித வரி போட்டது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. ஆர்டர்கள் நின்றன. ஓவர்டைம் போயிற்று. பீஸ்ரேட்டுக்குத் தைக்கிறவனுக்கு ஆர்டர் இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. பின்னால் அந்த வரியைப் பற்றிப் பேரமும் நடந்தது, வழக்கும் நடந்தது. ஆனால் வீட்டில் உலை வைக்காத நாட்களுக்கு யார் ஈடு கொடுத்தார்கள்?

அந்த வரியைப் போட்டவர் ஜனாதிபதி டொனால்டு டிரம்ப். அவரை வேட்பாளராக நிறுத்தியது எது? 2024-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் போட்டி. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், நாம் பெயர்கூடக் கேட்டிராத அயோவா மாநிலத்தில் 2024 ஜனவரி 15-ம் தேதி தொடங்கிய ஒரு கட்சியின் 'வீட்டு விவகாரம்', ஒன்றரை வருஷத்தில் திருப்பூர்த் தொழிலாளியின் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. ஆகவே இது நம்முடைய விவகாரமும்தான்.

சங்கத்துக்கு எதிரிகள் மூவர்

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சியின் ஆதரவாளர்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிரம்ப், நிக்கி ஹேலி, ரான் டிசான்டிஸ் ஆகியோர் அந்தப் போட்டியில் முன்னணியில் நின்றார்கள். ஹேலி 2024 மார்ச் 6-ல் விலகியதோடு போட்டி முடிந்தது. முதலாளிப் பத்திரிகைகள் யார் நன்றாகப் பேசினார், யார் யாரைக் கேலி செய்தார், யாருக்கு எத்தனை வயது என்று பத்தி பத்தியாக எழுதின. தொழிலாளி பார்க்க வேண்டியது அதுவல்ல. இவர்கள் பதவியில் இருந்தபோது பொருளாதாரத்தில் என்ன செய்தார்கள் என்ற கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

டிரம்ப் 2017-ல் கம்பெனிகளின் லாப வரியை 35 சதவிகிதத்திலிருந்து 21 சதவிகிதமாகக் குறைத்தவர். டிசான்டிஸ் புளோரிடா மாநில கவர்னர். 2023-ல் அரசு ஊழியர் சங்கங்களின் சந்தாவைச் சம்பளத்தில் பிடிப்பதற்குத் தடை போட்டவர். அதிலும் போலீஸ் சங்கத்துக்கு விலக்குக் கொடுத்தவர். ஹேலி தெற்குக் கரோலினா கவர்னராக இருந்தபோது, தொழிற்சங்கம் உள்ள கார் கம்பெனிகள் எங்கள் மாநிலத்துக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னவர். மூன்று முகங்கள், மூன்று குரல்கள். சங்கம் என்று வந்துவிட்டால் மூவரும் ஒரே அணி.

அப்படியானால் மூவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், நமக்கென்ன என்று கைகழுவிவிடலாமா? கூடாது. எல்லா நாட்டுச் சரக்கின் மேலும் வரி போடுவேன் என்று டிரம்ப் 2023-லேயே சொல்லிவிட்டார். அது சாதாரணக் குடும்பங்களின் செலவை ஏற்றிவிடும் என்று ஹேலி எதிர்த்தார். இருவருமே முதலாளிகளின் மனிதர்கள்தான். ஆனாலும் அந்த ஒரு வித்தியாசம் திருப்பூரைத் தொட்டது. எதிரிகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பார்க்க மறுப்பவன் ஏமாறுவான். அந்த வித்தியாசத்தை நம்பி அவர்கள் பின்னால் போகிறவனும் ஏமாறுவான். இதற்குச் சாட்சி தேட அமெரிக்காவரை போகவே வேண்டாம். நம் கொங்கு நாட்டிலேயே அது இருக்கிறது.

93-க்கு 41

1952 தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152தான். மக்களைச் சந்தித்து ஜெயிக்காத ராஜாஜி, மேல்சபை நியமனத்தின் வழியாக முதல் மந்திரியானார். 1953-ல் கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக் கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பண்ணையாளின் மகன் பண்ணையாளாகவே இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம்? எதிர்ப்பு நாடெங்கும் கிளம்பிற்று. 1954-ல் ராஜாஜி விலகினார்.

அடுத்த தலைவர் யார் என்று காங்கிரஸ் சட்டசபைக் கட்சிக்குள் போட்டி வந்தது. ஒரு பக்கம் காமராஜர். மறு பக்கம் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி. சுப்பிரமணியம், ராஜாஜி மந்திரி சபையில் இருந்தவர். காமராஜருக்கு 93 ஓட்டு, சுப்பிரமணியத்துக்கு 41. நம்ம ஜில்லாக்காரர் தோற்றுவிட்டாரே என்று இங்கே வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜெயித்த காமராஜர், தோற்ற சுப்பிரமணியத்தையே மந்திரியாக வைத்துக்கொண்டார். 1954 மே மாதத்தில் குலக் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று சட்டசபையில் அறிவித்தவர் கல்வி மந்திரி சுப்பிரமணியமேதான்!

ஆள் அதே ஆள். அவர் எந்த மந்திரி சபையில் திட்டத்துக்குத் துணை நின்றாரோ, அடுத்த மந்திரி சபையில் அதை அவரே ஊதி அணைத்தார். அவருடைய மனம் ஒரே ராத்திரியில் மாறிவிட்டதா? மாறியது வெளியே இருந்த நிலைமை. தெருவில் எழுந்த எதிர்ப்பு கட்சிக்குள்ளே புகுந்து தலைமையை மாற்றிற்று. தலைமை மாறியதால் திட்டம் செத்தது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதி உண்மை சொல்பவர்.

காமராஜர் ஆட்சியின் வரவுப் பக்கத்தை நாம் மறைக்கப் போவதில்லை. 1956-ல் மதிய உணவு வந்தது. கிராமங்களில் பள்ளிகள் பெருகின. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து, கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, கோபி பக்கத்து வறண்ட காடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் பொள்ளாச்சியையும் உடுமலையையும் நனைத்தது. இவை மக்களுக்குக் கிடைத்த நன்மைகள்.

பற்றுப் பக்கத்தையும் படிக்க வேண்டும் அல்லவா? தண்ணீர் வந்தது. யாருடைய நிலத்துக்கு வந்தது? 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. அதற்கு மேலே இருந்ததைப் பினாமி பேரிலும் விதிவிலக்குகளின் பேரிலும் ஒளித்துவைக்க வேண்டிய வழிகளையும் விட்டுவைத்தது. அணை கட்ட மண் சுமந்தவன், வாய்க்கால் வெட்டியவன், அந்தத் தண்ணீர் பாயும் வயலில் கூலிக்காரனாகவே நின்றான். தண்ணீர் வந்தது, நிலம் வரவில்லை. விவசாயத் தொழிலாளியின் கணக்குப் புத்தகத்தில் இதுதான் அந்த ஆட்சியின் மிச்சம்.

355-க்கு 169

1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி இறந்தார். பிரதமர் பதவிக்குக் காங்கிரஸ் பார்லிமெண்டரிக் கட்சியில் போட்டி. ஜனவரி 19-ல் ஓட்டெடுப்பு. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169. ஏறத்தாழ 50 கோடி மக்களின் பிரதமரை 524 பேர் தீர்மானித்தார்கள். இந்திராவின் பின்னால் நின்று காரியத்தை முடித்தவர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜர்.

மொரார்ஜியின் கணக்கு மக்களுக்குத் தெரிந்ததுதான். நிதி மந்திரியாக இருந்து 1963-ல் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தவர். 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார். பதுக்கல்காரனின் தங்கம் வெளியே வரவில்லை. கோவைப் பொற்கொல்லரின் பட்டறையில்தான் நெருப்பு அணைந்தது. அதே ஆண்டு கட்டாய சேமிப்பு என்று சாதாரண ஜனங்களின் வருமானத்திலும் கை வைத்தார். ஆகவே அவர் தோற்றதற்கு எந்தத் தொழிலாளியும் கண்ணீர் விட்டிருக்க மாட்டான்.

ஜெயித்தவர் என்ன செய்தார்? ஐந்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார். ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. உலக வங்கியும் சர்வதேச நிதி நிறுவனமும் நெருக்கிய நெருக்கல் அது. மந்திரி சபையில் அதை ஆதரித்தவர்களில் நம்முடைய சி. சுப்பிரமணியமும் ஒருவர். இந்திராவைப் பிரதமராக்கிய காமராஜரை இந்த விஷயத்தில் கலந்து ஆலோசிக்கவில்லை. பதவியில் ஏற்றிவைத்த தலைவருக்கே இந்தக் கதி என்றால், 'இவர் நம்ம ஆள்' என்று கொடி பிடித்த தொண்டனின் பேச்சு எந்த அம்பலத்தில் ஏறும்?

இதன் விளைவைத் தொழிலாளியின் கணக்கிலே போட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நீண்ட இழைப் பஞ்சில் 100 டாலர் சரக்குக்கு முன்பு 476 ரூபாய் கொடுத்த மில், இனி 750 ரூபாய் கொடுக்க வேண்டும். அந்தச் சுமையை முதலாளி தன் தலையில் தாங்கிக்கொள்வானா? நூல் விலையில் ஏற்றுவான். இல்லாவிட்டால் ஆட்குறைப்பு, கதவடைப்பு என்று தொழிலாளியின் தலையில் இறக்குவான். அரிசிக்கோ ஊரெல்லாம் தட்டுப்பாடு. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷன் என்ற நிலை.

மக்கள் 1967-ல் பதில் சொன்னார்கள். விருதுநகரில் காமராஜரும் கோபிசெட்டிபாளையத்தில் சி. சுப்பிரமணியமும் தோற்றார்கள். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி வந்த தி.மு.க. சர்க்கார், சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டது. மூன்று படி லட்சியமாகவே நின்றுவிட்டது.

போனஸ் சொல்லும் பாடம்

இனி ஒவ்வொரு மில் தொழிலாளியும் தீபாவளிக்குத் தீபாவளி நினைக்கும் போனஸ் விஷயத்துக்கு வருவோம். 1966 போட்டியின் இரண்டு வேட்பாளர்களையும் இந்தத் தராசில் நிறுத்திப் பார்க்கலாம்.

1965 சட்டம் குறைந்தபட்ச போனஸ் 4 சதவிகிதம் என்றது. தொழிலாளர்களின் கிளர்ச்சிக்குப் பிறகு 1972-ல் இந்திரா சர்க்கார் அதை 8.33 சதவிகிதமாக உயர்த்திற்று. அதாவது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். மாதம் 250 ரூபாய் வாங்கும் தொழிலாளிக்கு 250 ரூபாய் போனஸ். 1969-ல் 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியதும் இதே இந்திராதான். அதை எதிர்த்து நின்றவர் மொரார்ஜி. 1974-ல் நலிந்த பஞ்சாலைகளை நாட்டுடைமையாக்கி என்.டி.சி.யின் கீழே கொண்டுவந்ததும் இந்திரா சர்க்கார்தான்; கோவையின் முருகன் மில், பங்கஜா மில் போன்றவை அப்படித்தான் பிழைத்தன. 'சோஷலிஸ்ட் இந்திரா, பிற்போக்கு மொரார்ஜி' என்று முத்திரை குத்தியாயிற்று. தீர்ந்ததா?

தீரவில்லை. 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை வந்தது. வேலைநிறுத்த உரிமை போயிற்று, கூட்டம் போட உரிமை போயிற்று, பத்திரிகையின் வாய்க்குப் பூட்டு. அதே ஆண்டு செப்டம்பரில் அவசரச் சட்டம் ஒன்று வந்தது. குறைந்தபட்ச போனஸ் 8.33-லிருந்து மறுபடியும் 4 சதவிகிதம்! 250 ரூபாய் வாங்க வேண்டியவனுக்கு 120 ரூபாய். குழந்தைக்குத் துணி எடுப்பதா, கடைக்காரனின் பாக்கியைக் கொடுப்பதா என்று அந்தத் தீபாவளியில் தொழிலாளி திண்டாடினான். அப்போது இந்தியாவின் நிதி மந்திரி யார்? நம் செங்குட்டைப்பாளையத்து சி. சுப்பிரமணியம். சொந்த ஜில்லாக்காரர் என்பதால் கோவைத் தொழிலாளிக்கு ஒரு காசு கூடக் கிடைத்ததா?

1977-ல் ஜனதா சர்க்கார் வந்தது. பிரதமர் மொரார்ஜி. தங்கக் கட்டுப்பாட்டு மொரார்ஜி, வங்கி நாட்டுடைமையை எதிர்த்த மொரார்ஜி. அவருடைய சர்க்கார்தான் 8.33 சதவிகித போனசை மீண்டும் கொடுத்தது! ஏழைபங்காளி என்று பெயரெடுத்தவர் பறித்தார், பணக்காரரின் தோழர் என்று பெயரெடுத்தவர் கொடுத்தார். இதென்ன விந்தை?

விந்தை ஒன்றுமில்லை. 1972-ல் தொழிலாளி நிமிர்ந்து நின்றான், கொடுத்தார்கள். 1975-ல் அவன் கையையும் வாயையும் கட்டினார்கள், பறித்தார்கள். 1977-ல் கட்டு அறுந்து சங்கங்கள் மறுபடி எழுந்தன, திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவரின் இதயம் கனிந்துவிட்டது என்று நினைத்தால் அதே 1977 டிசம்பரில் கான்பூர் சுதேசி மில் தொழிலாளிகள் மீது போலீஸ் சுட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் இருந்தவரைவிட, நாற்காலிக்கு வெளியே இருந்த பலம்தான் போனஸ் சதவிகிதத்தை எழுதிற்று.

இன்றைய கேள்விகள்

இப்போதைய நிலை என்ன? 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது. மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897 ஓட்டு, சசி தரூருக்கு 1,072, செல்லாதவை 416. ஓட்டுப்பெட்டி வைத்தது நல்லதுதான். ஆனால் 1991-ல் காங்கிரஸ் சர்க்கார் திறந்துவிட்ட தனியார்மயப் பாதை சரியா தவறா என்று அந்தப் போட்டியில் விவாதம் நடந்ததா? இல்லை. அமைப்பை எப்படி நடத்துவது என்பதே பேச்சு. பாரதிய ஜனதாக் கட்சியிலோ அந்தப் பெட்டிகூட இல்லை. 1980-ல் கட்சி தோன்றியதிலிருந்து தலைவர்கள் போட்டியின்றியே வந்திருக்கிறார்கள். தலைவரை மேலே தீர்மானித்துக் கீழே மாலை போடச் சொல்கிறார்கள்.

ஆகவே எந்தக் கட்சியில் எந்தத் தலைவர் முளைத்தாலும், மாலையோடு ஓடுவதற்கு முன்னால் நாம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: வேலைப் பாதுகாப்பு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது. 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையை மூடவும் ஆட்குறைக்கவும் சர்க்கார் அனுமதி வேண்டாம் என்கிறது சட்டம். முன்பு இந்த வரம்பு 100. கொங்கு நாட்டில் எத்தனை நூற்பாலைகள் இந்த 300-க்குக் கீழே வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இதில் உன் நிலை என்ன?

இரண்டு: கிராமத்து வேலை. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தை 2025 டிசம்பரில் எடுத்துவிட்டு வேறு சட்டம் போட்டார்கள். நாட்கள் 125 என்று தாளில் ஏற்றினார்கள். கூலிச் செலவில் 40 சதவிகிதத்தை மாநிலங்களின் தலையில் கட்டினார்கள். பணம் இல்லாவிட்டால் நாள் எங்கே? இதில் நீ யார் பக்கம்?

மூன்று: மில்லுக்குள்ளே. ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து, விடுதியில் அடைத்து, மொத்தத் தொகை பிறகு தருகிறோம் என்று இளம் பெண்களை வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் இதே கோவை, திருப்பூர் வட்டாரத்தில்தான் வளர்ந்தது. நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் காண்டிராக்ட் ஆள். 2020 ஊரடங்கில் நிறுத்திய என்.டி.சி. மில்களின் சக்கரம் பிறகு ஆண்டுக் கணக்கில் சுழலவில்லை. நீ மந்திரியாக இருந்தபோது, எம்.பி.யாக இருந்தபோது, இதற்கு என்ன செய்தாய்?

நான்கு: உன் பணப்பை யார் கையில் இருக்கிறது? உன் போட்டிக்குச் செலவழிப்பவன் யார்? அவனுக்கு நீ என்ன கடன்பட்டிருக்கிறாய்?

வடக்கத்தியானா தெற்கத்தியானா, நம்ம ஜில்லாவா, நம்ம ஜாதியா, நன்றாகப் பேசுவாரா என்ற கேள்விகள் எல்லாம் இந்த நான்குக்கும் பிறகுதான். இந்த நான்குக்கும் பதில் சொல்லாதவருக்கு மற்றவற்றில் மார்க்கு எத்தனை கொடுத்தாலும் தொழிலாளிக்கு அது உதவாது.

கேள்வி கேட்டால் மட்டும் போதுமா? போதாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபையில் தி.மு.க. சர்க்கார் நிறைவேற்றிற்று. சங்கங்கள் கொடி வேறுபாடில்லாமல் எழுந்தன. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல் மந்திரி அறிவித்தார். தலைவர் மாறவில்லை, கட்சி மாறவில்லை, சட்டம் மாறிற்று! 1954-லும் 1977-லும் நடந்த அதே பாடம்.

தோழர்களே! 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் தூக்கிலேறிய சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் மில் தொழிலாளிகள். எந்தத் தலைவருடைய போட்டியிலும் அவர்களுக்கு ஓட்டு இருந்ததில்லை. ஆனால் இந்தச் சீமையில் சங்கம் என்ற சொல்லுக்கு அவர்கள் உயிர் கொடுத்தார்கள். அந்தச் சங்கத்தில் சந்தா கட்டியிருக்கிறோமா, பக்கத்துத் தறிக்காரரைச் சேர்த்திருக்கிறோமா, மில் வாசலும் வயல் வரப்பும் ஒரே கோரிக்கைக்காகச் சேர்ந்து நிற்கின்றனவா என்று முதலில் பார்ப்போம். தலைவர்களின் கணக்கைச் சரிபார்க்கும் பலம் அங்கேதான் பிறக்கிறது. அந்தப் பலம் இருந்தால் மொரார்ஜியிடமிருந்தும் 8.33 வாங்கலாம். அது இல்லாவிட்டால் நம் சொந்த ஊர்க்காரரும் நாலு சதவிகிதத்தைக் கையில் வைத்துவிட்டுப் போவார்.